வெறும் உப்புத் தண்ணீர்

தெல்மாவின் மூக்குக்கு ஆலையில் தனி மரியாதை இருந்தது. மேனேஜர் ஞானதுரைக்கு 'சார்' போட மறப்பவர்கள்கூட அவளை 'மூக்கக்கா' என்று கூப்பிடும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். குழிக்குள் யார் இறங்கலாம், எப்போது இறங்கலாம் என்பதைப் பதினாறு வருஷமாக அந்த மூக்குதான் முடிவு செய்துவந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நின்றது நீலத்திரை மீன்தூள் ஆலை. கடல் சூடேறிப்போன காலம் அது. வலையில் விழும் மீன் கரைக்கு வருவதற்குள் பாதி கெட்டுவிடும். தின்ன லாயக்கில்லாததையெல்லாம் ஆலை வாங்கிக் குழியில் கொட்டும், பிறகு அரைத்துத் தூளாக்கிக் கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாக அனுப்பும். குழி என்பது மூன்று ஆள் ஆழத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. மேலாக உள்ளதை இயந்திரம் அள்ளிவிடும். அடியில் அப்பிக் கிடக்கும் வண்டலை மனிதன்தான் இறங்கி வழிக்க வேண்டும். இயந்திரங்கள் பாட்டுக் கட்டவும் வழக்காடவும் கற்றுக்கொண்ட பிறகும், வண்டல் வழிக்க மட்டும் ஒன்றும் முன்வரவில்லை.

மீன் அழுகினால் அடியில் விஷக்காற்று சேரும். அதைக் கண்டுபிடிக்கக் குழிவாயில் மீட்டர் தொங்கும். ஆனால் மீட்டர், காற்று மேலே வந்த பிறகுதான் கத்தும். தெல்மாவின் மூக்கு, வரப்போவதையே சொல்லிவிடும். அழுகல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடியில் காற்று கட்டத் தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் அவளுக்கு நாற்றத்தின் தினுசிலேயே தெரியும்.

காலையில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிக்கொண்டு வருவாள். குழிவாயில் மண்டியிட்டு மூன்று முறை மூச்சை இழுப்பாள். பிறகு இரண்டில் ஒரு வார்த்தை சொல்வாள். "இறங்கு" என்றால் இறங்குவார்கள். "ஆறட்டும்" என்றால் காற்றாடியைப் போட்டுவிட்டு அரை நாள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றின் மறுமுனை, அவன் ஏறி வரும்வரை அவள் கையில்தான் இருக்கும். சொன்ன கைதான் பிடிக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

மீனைத் தாண்டியும் அந்த மூக்குக்கு வேலை இருந்தது. ஏணியில் கால் வைக்கும் புது ஆள் வெளியே எவ்வளவு வீரமாகச் சிரித்தாலும், அவனுடைய பயத்து வேர்வையின் வாசம் அவளுக்கு எட்டிவிடும். "இன்னைக்கு நீ இறங்காண்டாம். போயி டீ குடி" என்று முதுகில் தட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

பதினாறு வருஷத்தில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. பதினேழாம் வருஷம், ஆடி மாதத்து வியாழக்கிழமை காலையில் பெலவேந்திரன் போனான்.

அன்றைக்கும் எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. அவன் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டே, "என்னக்கா சொல்லுதீங்க?" என்றான். தெல்மா மண்டியிட்டு மூச்சை இழுத்தாள். ஈரச் சிமெண்டு வாசம் வந்தது. கடல்காற்று வந்தது. அவன் தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெய்கூட வந்தது. வேறொன்றும் வரவில்லை. மூன்று முறையும் வரவில்லை.

"இறங்கு" என்றாள்.

ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இறங்கினான். வண்டலின் மேல் ஏடு காய்ந்து தரை மாதிரி கட்டியிருந்தது. அதில் அவன் கால் வைத்ததும் ஏடு உடைந்து, அடியில் அடைந்து கிடந்தது அப்படியே கிளம்பியது. பாட்டு நின்றது. கயிறு கனத்தது. மீட்டர் அதற்குப் பிறகுதான் கத்தியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும், வெளியே வந்தது பெலவேந்திரன் இல்லை, அவன் உடம்பு.

கல்லறைக்குப் போய்விட்டு வந்த தெல்மா, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சமைக்கவில்லை, குளிக்கவில்லை, மூக்கைக் கழுவவும் இல்லை. இனி எதற்கு அந்த மூக்கு என்ற வெறுப்பு. நாற்பத்து நாலு வயதிலேயே மூக்கு கிழடுதட்டிப் போனது தெரியாமல் ஓர் ஆளைக் குழியில் தள்ளிவிட்டோம் என்று அவள் மனதாரவே நம்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் விண்ணரசி வந்தாள். பெலவேந்திரனின் மனைவி. ஐந்து வருஷத்துக்கு முன் அவர்கள் கல்யாணத்தில் பந்தியில் முன்நின்று பரிமாறியவள் தெல்மா. வந்தவள் உட்காரவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஒங்களுக்கு நெசமாவே ஒண்ணும் தெரியலியா? இல்ல, தெரிஞ்சும் மேனேஜருக்குப் பயந்து சொல்லிட்டீங்களா?"

"எம் மூக்கு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

சொன்ன பிறகுதான், சத்தியம் பண்ணுவதற்கு என்ன அருமையான பொருளைப் பிடித்தோம் என்று அவளுக்கே உறைத்தது. விண்ணரசி வாசல் பக்கம் திரும்பினாள்.

"நாளைத் திங்கள விட்டு அடுத்த திங்கக்கெழம விசாரணயாம். அங்க வந்தும் இதயே சொல்லுவீகளா?"

"சொல்லுதேன்."

"அதுவரைக்கும் நான் யார நம்புறதுன்னு தெரியாம கெடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தெல்மாவுக்கு விழிப்பு வந்ததே ஒரு நாற்றத்தில்தான். முதலில் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடினாள். அடுப்படியில் தேடினாள். கடைசியில் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய புடவைக்கு முன்னால் வந்து நின்றாள். வியாழக்கிழமை உடுத்தியிருந்த வேலைப் புடவை அது, துவைக்காமல் கிடந்தது. முந்தானையை எடுத்து முகர்ந்தாள்.

அது குழியின் நாற்றம். சாதாரணக் குழியும் இல்லை. நாலு நாள் ஆற வேண்டிய குழி. பத்தடி தள்ளி நின்றாலே "ஆறட்டும்" என்று அவள் வாய் தானாகச் சொல்லியிருக்கும். இந்த நாற்றத்தில்தான் அன்றைக்கு அவள் மண்டியிட்டு மூன்று முறை மூச்சை இழுத்திருக்கிறாள். தேங்காயெண்ணெய் தெரிந்த மூக்குக்கு இது தெரியவில்லை.

கிழடுதட்டிய மூக்கு நாலே நாளில் குமரியாகாதே.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தாள். முந்தின நாள் இரவு கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் எழுந்து எழுந்து சரிபார்த்திருந்தாள். அது அவளுடைய பழைய வழக்கம். ஒரு வருஷமாக அந்த வழக்கம் இல்லாமல் போயிருந்தது. படுத்தால் தூக்கம், எழுந்தால் சிரிப்பு. வயசானால் மனசு அடங்கும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். குழிகள் முன்னைப்போல நாறாததற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. கம்பெனி புது ஐஸ் படகு விட்டிருக்கிறதே, மீன் கெடாமல் வருகிறது.

இப்போது பயமாக இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த பயம்.

ஆலையில் மற்றவர்கள் எல்லாருமே இரண்டு வருஷமாக ஆலை கொடுக்கும் சொட்டு போடுகிறார்கள். ஷிப்டு தொடங்கும்போது மூக்குக்கு இரண்டு சொட்டு. மீன் நாற்றம் மட்டும் மறைந்துவிடும். பூ மணக்கும், காப்பி மணக்கும், குழந்தை தலை மணக்கும். வந்த புதிதில் அதைக் கொண்டாடினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் மூஞ்சியைச் சுளித்தால்கூட அவர்களுக்கு உறைக்கவில்லை. போகப் போகச் சண்டை நின்றது. முணுமுணுப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று காகிதம் நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அனல் பறக்கும் காய்ச்சலில் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஒருத்தி, "சரியாயிரும்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தெல்மாவுக்கு அப்போது மனது ஒரு மாதிரி இருந்தது. பிறகு அப்படி இருப்பதும் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குத்தான் சொட்டு தடையாயிற்றே. மூக்குக்காரி மூக்கை மூடினால் ஆலை என்னாவது? அவள் மூக்கில் விட்டதெல்லாம் உப்புத் தண்ணீர்தான்.

அலமாரியைத் திறந்தாள். நீல மூடி போட்ட கண்ணாடிக் குப்பி. பாதிக்கு மேல் இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் மணிமணியான கையெழுத்தில் 'அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது.

பெனிட்டா, தெல்மாவுக்குப் பதினைந்து வயது இளையவள். தாய் தகப்பன் ஒரே வருஷத்தில் போனபோது பள்ளிக்கூடத்துப் பையோடு நின்ற தங்கை. அவளைப் படிக்கவைத்து ஆளாக்குவதிலேயே தெல்மாவின் கல்யாண வயது கழிந்துபோனது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. பெனிட்டா இன்று ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பெரிய வேதியியல்காரி. சொட்டுக்குப் பக்குவம் சொன்னதே அவள்தான் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். போன வருஷம் ஒருநாள் வந்து, "அடுப்படி உப்பக் கரைச்சு மூக்குல விடாதக்கா, புண்ணாயிரும். நான் லேபுல சுத்தமாப் போட்டுத் தாரேன்" என்று அவளே மாதாமாதம் குப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அக்கறையை நினைத்துத் தெல்மா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அன்று சாயங்காலம் பெனிட்டா வந்தாள். கையில் வாழைப்பழமும் ரொட்டியும் இருந்தன. தெல்மா குப்பியைத் தரையில் தங்கைக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

"ஏட்டி, இதுல என்ன இருக்கு?"

மழுப்புவாள், அழுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். பெனிட்டா ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "சொட்டுதாங்க்கா. கால் பங்கு" என்றாள். கடையில் என்ன வாங்கினாய் என்று கேட்டதுபோல.

"எதுக்கு?" என்றாள் தெல்மா.

"ஞானதுரை சார் கூப்பிட்டாரு. ஒங்க அக்கா மாசத்துல எட்டு நாள் குழிய ஆறப்போடுதா, இப்படியே போனா அவளத் தூக்கிட்டு மீட்டர் மட்டும் போதும்னு மேல சொல்லிருவேன்னாரு. இல்லன்னா அவ மூக்கக் கொஞ்சம் மந்தமாக்குன்னாரு. ஒன் வேல போகாண்டாம்னு பாத்தேன். மாசத்துக்கு ரெண்டு நாள் ஆறட்டும்ங்கற அளவுக்குக் கணக்குப் பண்ணித்தான் கலந்தேன். நீ வேற அப்ப ராத்திரியெல்லாம் தூங்காம பொரண்டுட்டுக் கெடந்த. அதுக்கும் ஆச்சுன்னு."

"மூக்குல விட்டா தூக்கம் எப்படிட்டி வரும்?"

அவள் உற்சாகமாகவே விளக்கினாள். வேலையைப் பற்றிப் பேசினால் அவள் எப்போதும் அப்படித்தான்.

"பூ, காப்பி, சோப்பு இதுக்கெல்லாம் மூக்குல நூத்துக்கணக்குல ஏற்பி இருக்குக்கா. ஏற்பின்னா வாசம் வந்து ஒக்காருற இடம். ஆனா அழுகுற வாசத்துல அமைன்ங்கற ஒரு பொருள் வரும். அதுக்குன்னு தனியா ஒரு கை விரல்ல எண்ணுற அளவுதான் இருக்கு. நுண்ணமைன் ஏற்பிம்பாங்க. அத மட்டும் அடச்சிட்டா மீன் நாத்தம் போயிரும், மத்த வாசமெல்லாம் அப்படியே இருக்கும். அதான் ஒனக்குச் சந்தேகமே வரல. ஆனா அந்த ஏற்பி மூக்குல மட்டும் இல்ல. மூளைக்குள்ளயும் ஆழத்துல அங்கங்க இருக்கு. எது வேணும், எது வேண்டாம், எதுக்குப் பயப்படணும்னு ஏத்தி எறக்குற எடத்துல. சொட்டு அங்கயும் போயிருது. எலிக்குப் போட்டுப் பாத்தோம். பூனை வாசம் அடிக்கற எடத்துல எலி நடுவுல போயி ஒக்காந்து மூஞ்சி தொடைக்குது."

"பூனை என்ன பண்ணிச்சு?"

பெனிட்டா சிரித்தாள். "லேபுல ஏதுக்கா பூனை. வாசம் மட்டும்தான்."

"பெலவேந்திரனுக்கு வாசம் மட்டும் இல்லட்டி. குழியே இருந்துச்சு."

"தெரியும்க்கா. அது நடந்திருக்கக்கூடாது. கால் பங்குன்னாலும் ஒரு வருஷம் சேந்துபோயி முழுசா அடச்சிருச்சு போல. எந் தப்புதான்." பழத்தைக் கடித்தாள். "நான் விசாரணையில சொல்லிருதேன். நீ கவலப்படாத."

இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு லேசாக ஒரு மனுஷி சொல்ல முடியுமா? தெல்மா அருகில் குனிந்து தங்கையை முகர்ந்தாள். வாழைப்பழம், பவுடர், வெயில். பயத்து வேர்வை ஒரு துளியும் இல்லை.

"நீயும் போடுதியா?"

"லேபுல எல்லாரும் போடுதோம். ரெண்டு வருஷமாச்சு."

அப்போதுதான் தெல்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியானால் இது தங்கையின் வேலை இல்லை, சொட்டின் வேலை. இந்த வாழைப்பழம் தின்கிறவள் பெனிட்டாவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் பென்சிலைத் தெரியாமல் எடுத்து வந்ததற்கு இரவெல்லாம் அழுத பெனிட்டா, உள்ளே எங்கோ அடைபட்டுக் கிடக்கிறாள். அவளை வெளியே எடுத்துவிட்டால் போதும்.

"பெனி, எனக்காக ஒண்ணு செய்வியா? நாளையில இருந்து சொட்ட விட்டுரு. நாலு நாள். எனக்கு நாலு நாள்லதான் மூக்குத் தெறந்துச்சு. பெறவு வந்து, இப்பச் சொன்னத எம் மூஞ்சியப் பாத்து இன்னொருக்கச் சொல்லு. அப்பத்தான் நான் ஒன்ன மன்னிக்கதா வேண்டாமான்னு எனக்குத் தெரியும்."

"சரிக்கா" என்றாள் பெனிட்டா. சத்தியமும் செய்தாள். போகும்போது கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தெல்மா நாட்களை எண்ணினாள். முதல் நாள் பெனிட்டா போனில் பேசினாள், குரல் சாதாரணமாக இருந்தது. இரண்டாம் நாள், தலை வலிக்கிறது, லேப் ஒரே நாற்றம் என்றாள். தெல்மாவுக்கு மனதுக்குள் ஒரு குதூகலம். மூன்றாம் நாள் போன் எடுத்தும் பேசவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாகக் கேட்டது. "அழுட்டி, நல்லா அழு" என்றாள் தெல்மா. நாலாம் நாள் மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. ஐந்தாம் நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. குவார்ட்டர்ஸுக்கே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. வெட்கத்தில் கிடக்கிறாள், பாவம், விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். அவள் மனது அப்படி.

விசாரணை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் திங்கட்கிழமை காலை நடந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் சங்கரவடிவு ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர், பேனாவை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே கேட்பவர். மேஜைக்கு ஒருபுறம் ஞானதுரையும் பெனிட்டாவும், மறுபுறம் தெல்மா. சுவரோரம் விண்ணரசி, கறுப்புப் புடவையில்.

பெனிட்டா உள்ளே வந்தபோதே தெல்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தலைநிறைய மல்லிகை, மேலே பவுடர், அதற்கும் மேலே ஏதோ சென்ட். எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது பயத்து வேர்வை. சொன்ன சொல் தவறவில்லை, சொட்டை விட்டிருக்கிறாள். ஏணியில் நடுங்குகிற புது ஆளைப்போல உட்கார்ந்திருந்தாள். என் தங்கச்சி திரும்பி வந்துட்டா என்று தெல்மாவுக்குக் கண் நிறைந்தது.

சங்கரவடிவு ஒரு காகிதத்தை எடுத்தார். "ஆய்வுக்கூட அலுவலர் பெனிட்டா சனிக்கிழமை எழுதிக் கொடுத்த வாக்குமூலம். வாசிக்கிறேன்."

சனிக்கிழமை என்றால் ஐந்தாம் நாள். கதவு திறக்காத நாள்.

"'என் அக்கா தெல்மா கடந்த ஓராண்டாகத் தன் மோப்பத் திறன் குறைந்து வருவதாக என்னிடம் பலமுறை கூறியுள்ளார். வேலை போய்விடும் என்ற அச்சத்தால் அதை நிர்வாகத்திடம் மறைத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அவர் மூக்கைக் கழுவுவதற்கு நான் கொடுத்துவந்தது வெறும் உப்புத் தண்ணீர். விபத்துக்கு அவருடைய கவனக்குறைவு மட்டுமே காரணம்.'"

விண்ணரசி தெல்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி முடிவுக்கு வந்திருந்தது.

தெல்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. சொட்டு போட்டிருந்தபோது பெனிட்டாவுக்குப் பயம் இல்லை, அதனால் உண்மை சொன்னாள். சொட்டு இறங்கியதும் பயம் வந்தது. ஜெயில், வேலை, ஊர் வாய் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அக்கா மட்டும் வரவில்லை. முதல் தடவை முதுகில் குத்தியபோது மருந்து கூட இருந்தது. இந்தத் தடவை அவள் தனியாகவே, முழுப் புத்தியோடு, மணிமணியான கையெழுத்தில் குத்தியிருக்கிறாள். அடைபட்டுக் கிடந்தவளை வெளியே எடுக்க வேண்டும் என்று நாலு நாள் தவம் கிடந்தோமே, வெளியே வந்தவள் இவள்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் சங்கரவடிவு.

தெல்மா தங்கையைப் பார்த்தாள். பெனிட்டா மேஜையைப் பார்த்தாள்.

"இறங்குன்னு சொன்னது நாந்தான். அத யாரும் என் தலையில கட்ட வேண்டாம், நானே ஏத்துக்கிடுதேன்." பையைத் திறந்து நீல மூடிக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது அவ தந்தது. அவ எழுத்துதான் மேல இருக்கு. வெறும் உப்புத் தண்ணின்னு எழுதிக் குடுத்திருக்கா. அப்ப ஒரு கொறையும் இல்லியே. எல்லார் முன்னாலயும் ரெண்டு சொட்டு அவ மூக்குல விட்டுக்கிடட்டும். கால் மணி நேரம் கழிச்சு நீங்க இதே கேள்வியக் கேளுங்க. அப்பவும் இதயே சொன்னா, நான் கையெழுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்."

ஞானதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மேடம், இதென்ன கூத்து? சாட்சி சொல்ல வந்தவங்களுக்கு மருந்து போடச் சொல்றது எந்தச் சட்டத்துல இருக்கு?"

பேனா உருளுவது நின்றது. "மருந்தா?" என்றார் சங்கரவடிவு. "உப்புத் தண்ணீர்னுதானே எழுதியிருக்கு?"

ஞானதுரை உட்கார்ந்தார்.

"இந்தக் குப்பி எப்படியும் சோதனைக்குப் போகும்" என்று பெனிட்டாவிடம் திரும்பினார் ஆய்வாளர். "நான் உங்களைக் கட்டாயப்படுத்தல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பெனிட்டா குப்பியைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. ஏழு நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். வெயிலில் நடந்து வந்தவள் மண்பானையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் மாட்டிக்கொள்வோம் என்பதால் எடுத்தாளா, இல்லை அந்தப் பயத்தை இன்னும் ஒரு நிமிஷம் தாங்க முடியாமல் எடுத்தாளா, அது அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கை நீண்டது. மூடி திறந்தது. இரண்டு சொட்டு இல்லை, எண்ணாமல் விட்டுக்கொண்டாள்.

யாரும் எழுந்து போகவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மெல்ல நகர்ந்தது. தெல்மா கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்து வேர்வை முதலில் கனமாக இருந்தது. பிறகு இளகியது. பிறகு மல்லிகை முன்னால் வந்தது. பவுடர் வந்தது. கடைசியில் பயம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது பெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சின்னப் பிள்ளை முகம்போலத் தெளிந்திருந்தது.

"அந்தக் காகிதத்துல இருக்கறது பொய் மேடம்" என்றாள். "சார்தான் எழுதச் சொன்னாரு. ஆனா எழுதினது நான்தான், யாரும் கையப் பிடிச்சு எழுத வைக்கல. அக்காவுக்கு மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அடச்சேன்." பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எந்த மாதம், எத்தனை பங்கு, ஞானதுரை எந்த அறையில் வைத்து என்ன வார்த்தை சொன்னார், பெலவேந்திரன் செத்த மறுநாள் லேபில் எந்தெந்தப் பதிவை அழித்தார்கள் என்று. ஞானதுரை குறுக்கே பேசப் பார்த்தார், ஆய்வாளர் கையை உயர்த்தினார். பேனா ஓடியது.

விண்ணரசி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து தெல்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு நாள் அந்த ஒரு பிடிக்காகத்தான் தெல்மா உயிரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அது கிடைத்த நேரத்தில் அதைச் சந்தோஷம் என்று உணர அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கி, குப்பிக்கு அரக்கு முத்திரை வைத்து, எல்லாரும் எழுந்தார்கள். ஞானதுரையை ஆய்வாளர் தனியாக வரச் சொன்னார். பெனிட்டா மேஜையைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் வந்தாள். அதே சிரிப்பு. ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்த அன்றைய சிரிப்பு.

"சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் பாத்தியாக்கா. எம் மேல கோவம் இல்லயே? வா, வீட்டுக்குப் போலாம். பசிக்குது."

கையை நீட்டினாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது நீட்டுகிற அதே கை.

இந்தச் சிரிப்பு குப்பியிலிருந்து வந்தது, நாலு நாளில் போய்விடும். காகிதத்தில் இருந்த கையெழுத்துதான் தங்கச்சி. தெல்மா ஒரு மூச்சு இழுத்தாள். இரண்டாவது இழுத்தாள். மூன்றாவதும் இழுத்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நீட்டிய கையைத் தாண்டி வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஆறட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.